ஜீப் போன ஊர்கள்

அரசாங்க வண்டிகள் நிற்கும் அந்த ஷெட்டில் மொத்தம் முப்பத்தெட்டு வண்டிகள். அதில் ஆறு, கண்டம் செய்தவை. இனி ஓடாது என்று எழுதிக் கொடுத்து ஓரமாகத் தள்ளிவிட்ட பிறகு பேட்டரி, கண்ணாடி, சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் கால் முளைத்துப் போய், இப்போது வெறும் தகரக் கூடுகள். மீதி முப்பத்திரண்டில் பாதிதான் உருப்படியாக ஓடும். மறுபாதி, அதிகாரிகளின் கூட்டம் முடியட்டும் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மரத்தடியில் ஈ ஓட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் லாக் புக்கைப் பிரித்துப் பார்த்தால் முப்பத்திரண்டும் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓட வைத்தது அக்கா.

அக்கா அந்த ஷெட்டின் லாக் புக் கிளார்க். இருபத்தேழு வருஷமாக அதே மேசை, அதே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அதே டீசல் நாற்றம். எந்த வண்டி எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று வண்டிக்கு ஒரு புத்தகம். முத்து முத்தான கையெழுத்து. அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. வண்டிகளில் முக்கால்வாசிக்கு மீட்டர் முள் செத்துப் பல காலம் ஆகிவிட்டது. அதனால் டிரைவர்கள் போய்வந்த ஊரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அக்கா சுவரில் ஒட்டியிருக்கும் தூர அட்டவணையைப் பார்த்துக் கிலோமீட்டர் போட்டுப் புத்தகத்தில் ஏற்றுவாள்.

தலைமை அலுவலகத்தில் எந்த மகராசனோ எப்போதோ போட்டுவைத்த விதி ஒன்று உண்டு. ஒரு வண்டி மாதத்தில் இரண்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால், ஏன் இவ்வளவு ஓடியது என்று மெமோ வரும். எண்ணூறுக்குக் கீழே போனால், ஏன் ஓடவில்லை என்று மெமோ வரும். மூன்று மாதம் அப்படியே இருந்தால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு டிரைவரைக் கண்காணாத இடத்துக்குத் தூக்கியடித்துவிடுவார்கள். விதி போட்ட ஆள் வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பானே தவிர ஒருநாளும் ஓட்டியிருக்க மாட்டான். அதிகாரி கூட்டத்தை விட்டு எழுந்து வந்தால்தானே டிரைவர் சாவியைத் திருப்ப முடியும்? நிற்கிற வண்டியின் டிரைவர்கள் மாசக் கடைசியில் அக்காவின் மேசைக்கு முன்னால் வந்து தலையைச் சொறிவார்கள்.

"அக்கா, ஒரு முந்நூறு கொறையுது. பாத்துப் போடுங்கக்கா. புள்ளைங்க படிப்பெல்லாம் இங்கதான்."

அக்கா பார்த்துப் போடுவாள். நடக்காத பயணத்தை அவள் ஒருநாளும் எழுதியதில்லை. அதில் மட்டும் படு கறார். ஒருத்தன் நிஜமாகவே ஓட்டிய கிலோமீட்டரை எடுத்து இன்னொருத்தன் பேரில் எழுதுவாள், அவ்வளவுதான். ஷெட்டின் மொத்தக் கூட்டலில் ஒரு கிலோமீட்டர் கூடாது, ஒரு கிலோமீட்டர் குறையாது. இதைப் பொய் என்று யாராவது நாக்கின் மேல் பல்லைப் போட்டுச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். இருக்கிறவனிடம் கொஞ்சம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பது எப்படிப் பொய்யாகும் என்று திருப்பிக் கேட்டிருப்பாள்.

இருக்கிறவன் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதிகம் ஓட்டுகிற டிரைவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களிடம் போய், உன் கிலோமீட்டரில் கொஞ்சம் கொடு என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், முறுக்குவார்கள், பதிலுக்கு ஏதாவது செய்யச் சொல்வார்கள். சொந்தத் தம்பியிடம் அந்தத் தொல்லை இல்லை. நம் ஆள்தானே, கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். குடும்பங்களில் இப்படித்தான் நடக்கிறது. யார் நம்மை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார்களோ அவர்கள் பையில்தான் நம் கை முதலில் போகும்.

தம்பி ஓட்டியது மருந்து வேன். தலைமைக் கிடங்கிலிருந்து மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பத்தொன்பது சுகாதார நிலையங்களுக்குப் போக வேண்டும். அதில் ஏழு, தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிந்து, இதற்குமேல் ரோடே இல்லை என்கிற இடத்தில் இருந்தன. மாதம் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சர்வ சாதாரணமாக ஓடும். "உனக்கும் மெமோ வராது, ஓடாத வண்டிக்காரனையும் தூக்கியடிக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்" என்று அக்கா முதல் தடவை சொன்னபோது, தம்பி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே, "நீ என்ன வேணா எழுதிக்கோக்கா. நான் போனது எனக்குத் தெரியும், மருந்து வாங்கினவங்களுக்குத் தெரியும்" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அதிலிருந்து அந்த ஏழு ஊர்களுக்கும் தம்பியின் வேன் போகும். புத்தகத்தில் வேறு வண்டிகள் போகும். முக்கால்வாசி, ஜீப்தான் போகும். அந்த ஜீப்பின் டிரைவருக்கு ஷெட்டில் தூங்குமூஞ்சி என்று பெயர். தன் வண்டியைத் துடைக்கக்கூடச் சோம்பல் படுகிற மனுஷன். அவன் மரத்தடியில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விடும் நேரத்தில், அக்காவின் புத்தகத்தில் அவனுடைய ஜீப் மேடு ஏறி, ஓடை கடந்து, மருந்து இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும்.

இப்படி இருக்கையில் புது அதிகாரி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பையன், அதுதான் கொடுமை. கெட்டவனாக இருந்திருந்தால் எப்படியாவது சரிக்கட்டியிருக்கலாம். தன் தண்ணீரைத் தானே கொண்டுவருவார். டிரைவர்களை வாங்க போங்க என்பார். அரசாங்க வண்டிகளைச் சிக்கனமாகவும் திறமையாகவும் ஓட்டுவது எப்படி என்று கண்டுபிடிக்க அவரை அனுப்பியிருந்தார்கள். ஐந்து வருஷத்து லாக் புக்குகளையும் கேட்டார். ஒரு நாள் முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு அக்காவின் மேசைக்கே வந்தார்.

"மேடம், இதோட பதினோரு ஷெட் பாத்துட்டேன். இப்படி ஒரு புத்தகம் நான் பாத்ததே இல்லை. நீங்க ஒருத்தர் இருக்கிறதாலதான் இந்த வேலையே எனக்கு முடியும்."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் அந்தப் புத்தகங்களைப் பார்த்து யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மூன்று வாரம் அவளே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, ஒரு பெண் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். தொண்டை கட்டிப்போயும் அக்கா கஷாயம் குடித்துக்கொண்டு வாசித்தாள்.

இந்த இடத்தில்தான் அக்கா கோட்டை விட்டாள். ஷெட்டில் இன்னொரு புத்தகமும் உண்டு. எந்த வண்டிக்கு எத்தனை லிட்டர் ஊற்றியது என்கிற டீசல் புத்தகம். அது வெளியே பம்ப் அறையில் பம்ப்காரரிடம் இருக்கும். மாசம் முடிந்தால் வேறொரு பிரிவுக்குப் போய்விடும். ஒரே தெருவில் குடியிருந்தும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத இரண்டு வீடுகள் மாதிரி, அந்த இரண்டு புத்தகங்களும் இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரே மேசைக்கு வந்ததில்லை. கிலோமீட்டரைக் கைமாற்றி எழுதலாம். டீசலை அப்படி எழுத முடியாது. ஓடின வண்டிதான் குடிக்கும். இது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை, அவ்வளவுதான். பக்கத்து அறையில் இன்னொரு பெண் அந்தப் புத்தகத்தையும் ஏற்றிக்கொண்டிருந்ததை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் டிரைவர்கள் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தார் அதிகாரி. சுவரில் பெரிதாக ஒரு பட்டியல் விழுந்தது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வண்டி வாரியாகப் போட்டு, நல்லது பச்சை, கெட்டது சிவப்பு. பச்சையில் முதல் இடம் ஜீப்புக்கு. லிட்டருக்கு முப்பத்திமூன்று.

"இது அந்தக் கம்பெனியே எதிர்பாக்காத நம்பர்," என்றார் அதிகாரி. நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "அண்ணே, எழுந்து வாங்க. எப்படி ஓட்டறீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

தூங்குமூஞ்சி எழுந்து போனான். யோசித்தான். "அவசரப்படாம ஓட்டுவேன் சார்," என்றான்.

அதிகாரி கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். ஒரு சான்றிதழும் கொடுத்தார். பட்டியல் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கடைசியில் ஒரே ஒரு சிவப்பு வரியில் வந்து நின்றது. மருந்து வேன். லிட்டருக்கு ஐந்து.

"ஒன்பது குடுக்க வேண்டிய வண்டி அஞ்சு குடுக்குது," என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "வண்டியைப் பிரிச்சுப் பாத்தாச்சு. எங்கயும் ஒழுகலை. மாசம் நூத்திமுப்பது லிட்டர் எங்க போகுதுன்னு தெரியலை. அஞ்சு வருஷமா. யாரையும் இங்க வெச்சு நான் கேக்கப் போறதில்லை."

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது எங்கே போனது என்று தெரியும். தம்பியின் கிலோமீட்டரை ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொண்டவர்கள் பதினைந்து பேராவது அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அக்கா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் தம்பி அவள் மேசைக்கு வந்தான். சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"பாத்தியாக்கா? முப்பத்திமூணாம். அந்த ஜீப்பைத் தள்ளிக்கிட்டுப் போனாக்கூட அவ்வளவு குடுக்காது."

"சிரிக்காதடா."

"சிரிக்காம என்ன பண்றது. நீ போய் ரெண்டு வார்த்தை சொல்லிடு. நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு. மெமோ அடிக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டா வேலை முடிஞ்சது."

"சொல்றேன். நீ வண்டியை எடு. மருந்து ஏத்தி எவ்வளவு நேரமாச்சு."

அவன் வண்டியை எடுத்தான். போகும்போது ஜன்னல் வழியாகக் கையாட்டினான். அவ்வளவு லேசாக இருந்தது அவனுக்கு. அக்கா இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்பது ஒன்பது வயதிலிருந்து அவனுக்குப் பழக்கம். அந்த வயதில்தான் பெற்றோர் இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அக்கா வேலைக்குச் சேர்ந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவனை வளர்த்தாள். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேச அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. அவனுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து, இதே ஷெட்டில் வேலைக்குச் சேர்த்து, கல்யாணமும் பண்ணிவைத்தாள். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான்.

மறுநாள் காலையில் அதிகாரியே கூப்பிட்டனுப்பினார். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் அக்கா போனாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார்.

"அவர் உங்க தம்பின்னு நேத்துதான் எனக்குத் தெரியும் மேடம். விசாரிச்சேன். எல்லாரும் தங்கமான மனுஷன்னுதான் சொல்றாங்க. அதனால நானே ஒரு வழி யோசிச்சேன். புத்தகத்துல ஏறாம விட்டுப்போன பயணம் ஏதாவது இருக்குமா? டிரைவருங்க எழுதிக் குடுக்கிற அந்தத் துண்டுச் சீட்டு இருந்தாக்கூடப் போதும். இன்னைக்கே அவரை விட்டுடறேன்."

துண்டுச் சீட்டுகள் இருந்தன. ஐந்து வருஷத்துச் சீட்டுகளும் மாச வாரியாக நூல் போட்டுக் கட்டி அவளுடைய இரும்பு பீரோவில் இருந்தன. தம்பியின் கோணல் எழுத்து, கீழே ஒவ்வொரு சுகாதார நிலையத்தின் முத்திரை. பீரோச் சாவி அவள் மடியில் இருந்த கைப்பையில் இருந்தது.

"அப்படிச் சீட்டு கிடைச்சா, சார், அப்போ லாக் புக்?" என்று கேட்டாள்.

"லாக் புக் தப்புன்னு ஆகும்." அவர் சிரித்தார். "அது ஆகாது. எனக்குத் தெரியாதா? உங்க புத்தகத்தை நம்பித்தான் இந்தப் புது டீசல் முறையைப் பதினோரு ஷெட்டுக்கும் எழுதி மேல அனுப்பிட்டேன். வேற ஒரு ஷெட்ல புத்தகத்துல கை வெச்ச ஒருத்தரைப் போன மாசம் வீட்டுக்கு அனுப்பினேன். பென்ஷனும் கிடையாது. டீசல் எடுக்கிறவனைக்கூட மன்னிச்சுடுவேன் மேடம், ஏதோ கஷ்டம்னு விட்டுடலாம். பொய்யா எழுதறவங்களை விடமாட்டேன். உங்களை மாதிரி ஒழுங்கா எழுதறவங்களுக்கு என்ன மரியாதை அப்புறம்?"

அவளைப் பாராட்டத்தான் அதைச் சொன்னார். அக்கா ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. கையில் வேறு எதுவும் கிடையாது. வந்ததெல்லாம் தம்பிக்கும் வீட்டு வாடகைக்கும் போய்விட்டது. பென்ஷன் இல்லாவிட்டால் தம்பி சோறு போட மாட்டானா? போடுவான். மனசாரப் போடுவான். ஆனால் அவன் போடும் தட்டுக்காகக் காத்திருக்கிற கிழவியாகத் தன்னை நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. இருபத்தேழு வருஷமாக மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றது அவள் முன்னால்தான். அவள் யார் முன்னாலும் நின்றதில்லை.

"புத்தகத்துல ஏத்தினதும் சீட்டைக் கிழிச்சுடுவோம் சார்," என்றாள். குரல் நடுங்கவே இல்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "சொன்னியா?" என்று கேட்டான். அவன் மனைவி தையல் கடையிலிருந்து இன்னும் வரவில்லை. அக்கா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சீட்டைப் பற்றி அவர் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் சேர்த்தே சொன்னாள். அவனிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

தம்பி சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன், கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

"எட்டு மாசம்டா," என்றாள் அக்கா. "பென்ஷன் கைக்கு வந்துட்டா நானே போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"வந்தப்புறம் சொன்னா மட்டும் பிடுங்க மாட்டாங்களா?"

அவள் சொல்லப் போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு அவனாகவே பேசினான்.

"சரி விடு. உனக்கு நான் செய்யாம யார் செய்வா? அந்த அதிகாரி மத்தியானம் என்னையும் கூப்பிட்டு, ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா போலீசுக்குப் போகாம முடிச்சுக்கறேன்னு சொன்னாரு. எழுதிக் குடுத்துடறேன். ஆனா இவகிட்ட நீ உண்மையைச் சொல்லிடணும்க்கா. நான் சொன்னா நம்ப மாட்டா, தப்பிக்கிறதுக்கு அக்கா மேல பழி போடறேன்னு சொல்லுவா. ஊர்ல எவன் என்ன சொன்னாலும் பரவாயில்லை. வீட்டுக்குள்ளயும் திருடனா இருக்க என்னால முடியாது."

"சொல்றேன்."

"கண்டிப்பா."

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல."

அவன் எழுதிக் கொடுத்தான். டீசலை எடுத்து விற்றேன், குடும்பக் கஷ்டம், மன்னிக்கவும் என்று கோணல் எழுத்தில் எட்டு வரி. அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். போலீஸ் இல்லை. ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, ஷெட்டில் வண்டி கழுவ வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் அவனிடம் கழுவ வந்த வண்டிகளில் ஜீப்பும் ஒன்று. தூங்குமூஞ்சி பாவம், இறங்கி நின்று, "நானே கழுவிக்கறேன் விடு," என்று முனகினான். தம்பி குழாயைத் திறந்தான்.

புது முறை அமலுக்கு வந்தது. புத்தகத்தில் யார் எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்களோ அவர்களே அந்த ஊருக்குப் போக வேண்டும், அதற்கான டீசல் மட்டும்தான். மருந்து வேன் வேறொரு டிரைவர் கைக்குப் போனது; அதற்குப் பன்னிரண்டு ஊர். மிச்சம் ஏழு ஊரை ஜீப் பார்த்துக்கொள்ளும், லிட்டருக்கு முப்பத்திமூன்று கொடுக்கிற வண்டியாயிற்றே என்று மாதம் முப்பது லிட்டர் ஒதுக்கினார்கள். முதல் வாரமே ஜீப் பாதி வழியில் டீசல் இல்லாமல் நின்றது. தூங்குமூஞ்சி மருந்துப் பெட்டிகளோடு மறுநாள்தான் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தான். அடுத்த நாளிலிருந்து அவனுக்கு ஜுரம்.

ஒரு நாள் அக்காவின் மேசைப் போன் அடித்தது. கடைசி ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸ். "மருந்து வேன் தம்பி ஏங்க வரலை? மாசம் ரெண்டு தடவை தவறாம வருவாரே. இங்க சர்க்கரை மாத்திரை முடிஞ்சு பத்து நாள் ஆச்சு," என்றாள். அக்கா, "ஆளை மாத்திட்டாங்கம்மா," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

தம்பி மனைவியிடம் சொல்ல வேண்டியதை அக்கா இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனாள். அந்தப் பெண் உள்ளதை உள்ளபடி பேசுகிறவள். அவள் காதில் விழுந்தால் மறுநாள் பொழுது விடிந்ததும் ஷெட்டுக்குப் போய் அதிகாரியின் மேசையைத் தட்டிக் கேட்பாள். பீரோவைத் திற என்பாள். அவள் வாயை யாராலும் மூட முடியாது. அதனால் அக்கா மென்று முழுங்கினாள். அதற்குள் விஷயம் தையல் கடைக்குப் போய்விட்டது. துணி தைக்க வந்த யாரோ ஒருத்தி, டீசல் திருடி மாட்டிக்கிட்டது உன் வீட்டுக்காரர்தானா என்று அளவு கொடுத்துக்கொண்டே கேட்டாளாம்.

அன்றைக்கு வீட்டில் அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மாசம் நூத்திமுப்பது லிட்டர். அஞ்சு வருஷம். வீட்டுக்கு ஒரு பைசா வரலை. யாருக்குக் குடுத்தீங்க? யாரு அவ?" என்று மட்டும் கேட்டாள். தம்பி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அக்கா அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள், பேச்சு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வாசலைத் தாண்டப் போனவள் என்ன நினைத்தாளோ, பையோடு திரும்பி அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, உங்களை ஒண்ணு கேக்கறேன். இவரு வாயே திறக்க மாட்டேங்கிறாரு. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் நம்பறேன். இவரு எடுத்தாரா, எடுக்கலையா?"

தம்பி உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவன் விரல்கள் வெடித்திருந்தன. அவன் கெஞ்சவில்லை, கோபமாகவும் இல்லை. இப்போதாவது அக்கா சொல்லிவிடுவாள் என்று நம்பினான். அது அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றும் வந்தது. கூடவே, கேட்காமலே, இன்னும் ஆறு மாதமும் இருபது நாளும் என்று ஒரு கணக்கும் வந்தது.

"எடுத்துட்டான்மா," என்றாள். "ஏதோ புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டான். வேற எவளுக்கும் குடுக்கலை, அதுக்கு நான் பொறுப்பு. இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடு. எனக்காக. வீட்டை விட்டுப் போகாதே."

அந்தப் பெண் அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். வெகுநேரம் அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்காகத்தான் அண்ணி," என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "இனிமே அரசாங்கச் சொத்துல கை வைக்க மாட்டேன்னு உங்க அக்கா முன்னாடி சொல்லுங்க. அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"இனிமே எடுக்க மாட்டேன்," என்றான்.